எண்ணிக்கையும் நம்பிக்கையும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



மாத்தளையிலே எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பிறந்தது யாழ்ப்பாணம், படிப்பித்ததும் குடியிருந்ததும் மாத்தளை. ஊரில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே அழைப்பார்கள். நானும் இந்த உரையில் அவரை அப்படியே குறிப்பிடுகிறேன். கணிதம் அவருடைய பாடம். தமிழ் அவருடைய பைத்தியம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்.

ஒருநாள் அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "தம்பி, இதைப் பாரும். இது தற்செயலாக அமையுமோ?" என்று கேட்டார்.

தாளில் இருந்த செய்தி இதுதான். வேதாகமத்தின் மிகச் சிறிய அதிகாரம் 117ஆம் சங்கீதம். மிகப் பெரியது 119ஆம் சங்கீதம். இரண்டுக்கும் நடுவே நிற்பது 118ஆம் சங்கீதம். அதற்கு முன்னே 594 அதிகாரங்கள், பின்னே 594 அதிகாரங்கள். இரண்டையும் கூட்டினால் 1188. வேதாகமத்தின் நட்டநடு வசனம் எது என்று பார்த்தால், அது 118ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனம். அந்த வசனம் சொல்வதோ, மனிதர்மீது நம்பிக்கை வைப்பதைவிட ஆண்டவரிடம் அடைக்கலம் புகுவதே நல்லது என்பது. ஆகவே இறைவன் தன் நூலின் நெஞ்சிலே இந்த வசனத்தை எண்ணிக் கணக்கிட்டு வைத்திருக்கிறான் என்று தாள் முடிந்தது.

இந்தத் தாள் உங்களில் பலருடைய கைக்கும் வந்திருக்கலாம். பல மொழிகளில், பல நாடுகளில், கையெழுத்துப் பிரதியாகவும் அச்சாகவும் தொலைபேசிச் செய்தியாகவும் சுற்றி வருகிற செய்தி அது.

மாஸ்டர் ஏன் அதைச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே மகன். கடல்வழியாக வெளிநாடு போகப் புறப்பட்டவன். ஏஜென்சிக்காரன் ஒருவனுடைய வார்த்தையை நம்பி, இருந்த ஒரு துண்டுக் காணியை ஈடுவைத்து மாஸ்டர் காசு கட்டினார். பையன் படகேறினான் என்ற செய்தி வந்தது. அதன்பின் எந்தச் செய்தியும் வரவில்லை. ஏஜென்சிக்காரனுடைய தொலைபேசியும் ஓய்ந்துவிட்டது. மனிதரை நம்பாதே என்ற வசனம் மாஸ்டருக்கு வெறும் வசனமாக இருக்கவில்லை என்பதை நேயர்கள் விளங்கிக்கொள்வீர்கள்.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் நான் ஒரு வேலை செய்தேன். அதிகாரங்களை எண்ணினேன்.

66 நூல்கள் கொண்ட வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று கூட்டிக்கொண்டே போனால் யோபு முடிகிறபோது 478 வருகிறது. அதோடு 117 சங்கீதங்களைக் கூட்டினால் 595. ஆகவே முன்னே 594, பின்னே 594 என்று நடுவே நிற்கிற அதிகாரம் 118 அல்ல, 117. இரண்டே வசனங்கள் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு துதிப்பாட்டு. வசனங்களின் கணக்கும் அப்படியே. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலே மொத்தம் 31,102 வசனங்கள். அது இரட்டைப்படை எண். இரட்டைப்படைக்கு நட்டநடு என்று ஒன்று கிடையாது, இரண்டு உண்டு. அந்த இரண்டும் 103ஆம் சங்கீதத்தின் முதல் இரு வசனங்கள். கத்தோலிக்கருடைய விவிலியத்தில் 73 நூல்கள். அங்கே நடு வேறு. யூதருடைய வேதத்தில் நூல்களின் வரிசையே வேறு. அங்கே நடு இன்னும் வேறு.

கணக்குப் பிழை என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் அதை மாஸ்டரிடம் சொல்வதா, விடுவதா? துக்கத்தில் இருக்கிற மனிதர் பிடித்துக்கொண்டு நிற்கிற கொம்பை, அது பட்ட கொம்பு என்று தெரிந்தாலும், வெட்டலாமா? இந்தக் கேள்வி என்னைச் சில நாட்கள் அலைக்கழித்தது.

அதற்கிடையில் மாஸ்டர் அடுத்த படிக்குப் போய்விட்டார். எபிரேய எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார். எபிரேயரிடம் எழுத்தே எண். 22 எழுத்துகள். முதல் ஒன்பதுக்கும் 1 முதல் 9 வரை. அடுத்த ஒன்பதுக்கும் 10 முதல் 90 வரை. கடைசி நான்குக்கும் 100, 200, 300, 400. ஒரு சொல்லிலுள்ள எழுத்துகளின் பெறுமானத்தைக் கூட்டினால் அந்தச் சொல்லின் எண் கிடைக்கும். இதைக் கெமாத்ரியா என்பார்கள். யூத அறிஞர் பலர் நூற்றாண்டு நூற்றாண்டாக இதைக் கையாண்டிருக்கிறார்கள். எபிரேயத்தில் 'ஒன்று' என்ற சொல்லின் எண் 13. 'அன்பு' என்ற சொல்லின் எண்ணும் 13. இரண்டையும் கூட்டினால் 26. இறைவனுடைய திருப்பெயரின் நான்கு எழுத்துகளுக்கும் எண் 26. கேட்கும்போது மனம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

இது எங்களுக்கு அந்நியமான விளையாட்டு அல்ல. பழந்தமிழ் எண்குறிகள் எழுத்துகளைப் போன்றவை. ஒன்றுக்குக் 'க', இரண்டுக்கு 'உ', எட்டுக்கு 'அ', கால் என்ற பின்னத்துக்கு 'வ'. ஔவையின் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றிலே எட்டும் காலும் சேர்ந்து 'அவ' என்று ஆகி, ஓர் அழகிய வசையாக விழுகிறது. கர்நாடக இசையிலே கடபயாதி என்ற முறை இருக்கிறது. மெய்யெழுத்துக்கு ஓர் எண். மாயாமாளவகௌளை என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் ம, ய. அவற்றின் எண் 5, 1. திருப்பிப் படித்தால் 15. அந்த இராகம் மேளகர்த்தா வரிசையில் 15ஆவது. திருக்குறளுக்கு 133 அதிகாரம். எண்களைக் கூட்டினால் 7. 1330 குறள், கூட்டினால் அதுவும் 7. ஒவ்வொரு குறளுக்கும் சீர் 7. இதைச் சொல்லி வியக்காத தமிழ் மேடை உண்டா?

ஆனால் இந்த உதாரணங்கள் ஒரே இனத்தவை அல்ல என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இராகத்துக்கு அந்தப் பெயரை இட்டவர் எண்ணை மனத்தில் வைத்தே இட்டார். அது பூட்டும் திறப்பும் போல, செய்தவனே இரண்டையும் செய்தது. தனிப்பாடலின் புலவரும் தெரிந்தே விளையாடினார். மற்றவையோ, ஆக்கியோன் வைத்தானா, படிக்கிறவன் கண்டெடுத்தானா என்று சொல்ல முடியாதவை. முன்னையது கலை. பின்னையது பல வேளைகளில் நம்முடைய ஆசையின் நிழல்.

ஒரு நாள் மாஸ்டர் உற்சாகமாக வந்தார். 8ஆம் வசனத்தில் எபிரேயச் சொற்கள் ஐந்து. 17, 504, 28, 59, 47. கூட்டினால் 655. 9ஆம் வசனம் அதே சொற்களைத் திரும்பச் சொல்லி, கடைசிச் சொல்லை மட்டும் மாற்றுகிறது. 'மனிதரில்' என்று இருந்த இடத்தில் 'பிரபுக்களில்' என்று வருகிறது. அந்தச் சொல்லின் எண் என்ன தெரியுமோ என்று கேட்டார். 2, 50, 4, 10, 2, 10, 40. கூட்டிப் பார்த்தேன். 118!

118ஆம் சங்கீதத்தில் 118 என்ற எண்ணுள்ள சொல். நானே ஒரு கணம் வாயடைத்துப் போனேன். பின்பு நினைவு வந்தது. எபிரேய வரிசையில்தான் அது 118. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதைத் தழுவிய இலத்தீன் வேதத்திலும் அதே பாட்டு 117. 9ஆம் சங்கீதத்தையும் 10ஆம் சங்கீதத்தையும் அவர்கள் ஒன்றாகக் கணித்ததால் வந்த வேறுபாடு அது. பாட்டு மாறவில்லை; இலக்கம் மாறுகிறது. அதிகாரப் பிரிவுகளும் அப்படியே. இன்று நாம் கையாளும் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் கன்ரபரிப் பேராயராக இருந்த ஸ்டீபன் லாங்டனுடையது என்பர். புதிய ஏற்பாட்டின் வசனங்களுக்கு 1551இல் இலக்கமிட்டவர் பாரிஸ் அச்சகக்காரர் றொபேர்ட் எஸ்தியென். லியோனுக்குப் போகிற பயணத்திலே அந்த வேலையைச் செய்தார் என்று அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் மனத்தில் சுமந்துகொண்டுதான் நான் மாஸ்டரோடு சீகிரியாவுக்குப் போனேன். பள்ளிப் பிள்ளைகளை எத்தனையோ தடவை கூட்டிச் சென்ற இடத்தை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவர்தான் கேட்டார். மாத்தளையிலிருந்து தம்புள்ளை, அங்கிருந்து இனாமலுவைச் சந்தியில் திரும்பினால் சற்று நேரத்தில் அந்தப் பாறை தெரியத் தொடங்கும். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறை.

சூளவம்சம் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்ததே. தாதுசேன மன்னனுடைய மகன் காசியப்பன். படைத்தலைவன் மிகாரனுடைய பேச்சை நம்பித் தந்தையைச் சிறையிட்டான். ஒளித்து வைத்த செல்வம் எங்கே என்று கேட்டான். தாதுசேனன் தான் கட்டிய கலாவெவக் குளத்துக்குப் போய், அந்த நீரைக் காட்டி, இதுவே என் செல்வம் என்றான். தந்தையைச் சுவரிலே வைத்துப் பூசிக் கொன்றான் மகன். தம்பி முகலன் இந்தியாவுக்குத் தப்பியோடினான். அவன் திரும்பி வருவான் என்ற அச்சத்திலேயே காசியப்பன் இந்தப் பாறையின்மேல் மாளிகை கட்டினான் என்கிறது சூளவம்சம். 477 முதல் 495 வரை, 18 ஆண்டுகள் இருந்தான். முகலன் படையோடு வந்தபோது, யாராலும் ஏற முடியாத பாறையை விட்டுக் காசியப்பன் தானே கீழிறங்கிப் போனான். சேற்று நிலத்தைக் கண்டு அவனுடைய யானை திரும்பியது. அரசன் பின்வாங்குகிறான் என்று எண்ணிப் படை சிதறியது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான்.

8ஆம் வசனமும் 9ஆம் வசனமும் ஒருங்கே நடந்த இடம் என்று சொல்லத் தோன்றுகிறது. பிரபுவை நம்பிய மகன். மகனை நம்பிய தந்தை. பாறையை நம்பிய அரசன். யானையை நம்பிய படை. சங்கீதங்கள் இறைவனைப் பாறை என்றும் கோட்டை என்றும் அடிக்கடி அழைக்கின்றன. கல்லால் ஆன பாறை காக்காது என்று கண்டவர்களே அப்படிப் பாட முடியும்.

மாஸ்டரால் முழுவதும் ஏற முடியவில்லை. கண்ணாடிச் சுவர் வரை வந்தார். 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை இங்கே வந்தவர்கள் அந்தச் சுவரிலே கீறி வைத்த சிங்களக் கவிதைகளைப் பேராசிரியர் செனரத் பரணவிதான வாசித்து, 685 பாடல்களை 1956இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஓவியப் பெண்களைப் பார்த்து உருகியவர்கள், கோபித்தவர்கள், வந்தேன் பார்த்தேன் என்று மட்டும் எழுதியவர்கள். பலர் தம் பெயரையும் ஊரையும் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சுவரைப் பார்த்தபோது எனக்கு இன்னொரு சுவர் நினைவுக்கு வந்தது. 79ஆம் ஆண்டு எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலிய நகரம் பொம்பேயி. அங்கே ஒருவன் கிரேக்கத்தில் கீறி வைத்திருக்கிறான். தான் காதலிக்கும் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை; அவள் பெயரின் எண் 545 என்று மட்டும் சொல்கிறான். இன்றுவரை அவள் யார் என்று எவருக்கும் தெரியாது. எண் மிஞ்சியது, பெயர் போய்விட்டது. ஒரு பெயருக்கு ஓர் எண் உண்டு. ஆனால் ஓர் எண்ணுக்கு ஆயிரம் பெயர் பொருந்தும். எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்பி வர வழியில்லை.

மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். பின்பு விளையாட்டாகக் காசியப்பனுடைய பெயரைக் கடபயாதியில் கணித்துக் காட்டினேன். சமஸ்கிருதத்தில் காச்யப. க 1, ய 1, ப 1. நூற்றுப் பதினொன்று. "பாரும், மூன்று ஒன்று! தனிமையான ஆள் என்பது பெயரிலேயே இருக்கு" என்றார் மாஸ்டர். ஆனால் சூளவம்சம் எழுதப்பட்ட பாளி மொழியில் அவன் பெயர் கஸ்ஸப. அப்படி எழுதினால் க 1, ஸ 7, ப 1. நூற்று எழுபத்தொன்று. ஆள் ஒருவன்தான், அவன் செய்த பாவமும் ஒன்றுதான், எழுத்துக்கூட்டலை மாற்றினால் எண் மாறுகிறது. மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு நின்றதும் நேரே என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, அந்தத் தாளை நீர் எண்ணிப் பார்த்தனீர்தானே?"

"ஓம் மாஸ்டர்."

"பிழையோ?"

"ஒன்று பிசகுது மாஸ்டர். நடு அதிகாரம் 117."

அவர் சற்று நேரம் பேசவில்லை. சிங்கப் பாதங்கள் இருக்கிற மேடைக்கு மெதுவாக ஏறிப்போய் நிழலில் இருந்தோம். மேலே ஏறுகிறவர்கள் எறும்பு வரிசைபோல இரும்புப் படிகளில் போய்க்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் தாளை எடுத்து, பின்புறத்தில் என்னை எழுதச் சொன்னார். 478, 117, கூட்டுத்தொகை 595 என்று எழுதினேன். அவர் தன் பேனையை வாங்கி, வகுப்பிலே கொப்பி திருத்துகிறவர்போலச் சரி அடையாளம் போட்டார். பிறகு கேட்டார்: "நடுவிலே இல்லை என்றால் வசனம் பொய்யாகிவிடுமோ?"

நேயர்களே, நான் சொல்லத் தயங்கிய மறுமொழியை அவரே கேள்வியாகக் கேட்டுவிட்டார். வசன இலக்கம் இட்டவர்கள் மனிதர்கள். அதிகாரம் பிரித்தவரும் மனிதர். வரிசை அமைத்தவர்களும் மனிதர்கள். அந்த மனிதர் இட்ட இலக்கத்தைச் சாட்சிக்கு அழைத்து, மனிதரை நம்ப வேண்டாம் என்கிற வசனத்தை நிரூபிக்கப் புறப்பட்டோம் என்றால், வசனம் எதைச் செய்ய வேண்டாம் என்கிறதோ அதையே நாம் செய்கிறோம். எண் பொருந்தினால் நம்புவேன் என்பது நம்பிக்கை அல்ல, கணக்கு. கணக்கு நல்லது. கடைக்கும் காணிக்கும் கணக்கு வேண்டும். ஏஜென்சிக்காரனிடம் காசு கொடுக்கிறபோது கட்டாயம் வேண்டும். ஆனால் அடைக்கலம் புகுவது வேறு.

எபிரேய வசனமே இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. இறைவனைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வினைச்சொல். மனிதரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு வினைச்சொல். முதலாவது மழைக்கு ஒதுங்குவதுபோல, குஞ்சு சிறகின்கீழ் புகுவதுபோல ஒதுங்குதல். இரண்டாவது, உறுதி என்று எண்ணிச் சாய்தல். தமிழிலே அடைக்கலம், தஞ்சம், பற்று, நம்பிக்கை என்று எத்தனை சொற்கள் இருக்கின்றன! பப்ரீசியஸ், ஆறுமுக நாவலரின் துணையோடு பேர்சிவல், பின்பு பவர் என்று வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் ஒவ்வொருவரும் இத்தகைய சொற்களை நிறுத்துப் பார்த்தே எடுத்திருக்க வேண்டும். எங்கள் 'நம்பு' என்ற சொல்லுக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. தொல்காப்பிய உரியியல் அச்சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம், என்று பொருள் கூறுகிறது. நம்புதல் என்பது முதலில் விரும்புதல். பிறகுதான் அது உறுதி கொள்ளுதலாயிற்று. மாஸ்டர் அந்தத் தாளை நம்பியதும் அப்படித்தான். கணக்குச் சரியாக இருந்ததால் அவர் அதை நம்பவில்லை. மகன் உயிரோடு இருக்க வேண்டும் என்று விரும்பியதால் நம்பினார். அந்த விருப்பத்தை எவன் பிழை என்பான்?

1530இல் மார்ட்டின் லூதர் கோபேர்க் கோட்டையில் இருந்துகொண்டு இதே 118ஆம் சங்கீதத்துக்கு விரிவுரை எழுதினார். தன் மனத்துக்கு மிகவும் நெருங்கிய சங்கீதம் என்று அதைக் கொண்டாடினார். தான் சாகாமல் பிழைத்திருப்பேன் என்ற கருத்துள்ள அதன் ஒரு வசனத்தை அறைச் சுவரில் எழுதி வைத்திருந்தார் என்றும் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரபுக்களை நம்ப வேண்டாம் என்கிற பாட்டுக்கு அவர் உரை எழுதியது ஒரு பிரபுவின் கோட்டையில், அந்தப் பிரபுவின் பாதுகாப்பில். ஆகவே அந்த வசனம் மனிதரை வெறுக்கச் சொல்லவில்லை. மனிதருடைய உதவியைப் பெறலாம். மனிதருக்கு உதவவும் வேண்டும். முழுப் பாரத்தையும் அவர்கள்மேல் ஏற்றினால் அவர்களும் தாங்கமாட்டார்கள், நாமும் விழுவோம் என்பதே அதன் கருத்து என்று நான் விளங்கிக்கொள்கிறேன். சமயம் எதுவாயினும், சமயமே இல்லாதவராயினும், இதில் ஓர் உண்மை இருப்பதை மறுக்க மாட்டார்கள்.

அன்று பின்னேரம் இறங்கி வரும்போது மாஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். படிகள் செங்குத்து, அவருக்கு முழங்கால் நோ. "மனிதரை நம்பாதே எண்டு சொல்லிக்கொண்டு உம்மைத்தான் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்று சொல்லிச் சிரித்தார்.

இந்த உரையைத் தயாரிக்கிற நாள்வரை அவருடைய மகனைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. மாஸ்டர் எபிரேய எழுத்துகளைக் கூட்டுவதை நிறுத்திவிட்டார். ஆனால் எபிரேயம் படிப்பதை நிறுத்தவில்லை; எண்ணாமல் இப்போது வாசிக்கிறாராம். தாள் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. முன்புறம் பிழைக் கணக்கு. பின்புறம் சரி அடையாளம் போட்ட கணக்கு. இரண்டுக்கும் நடுவே எங்கோ அவருடைய நம்பிக்கை இருக்கிறது. அதன் இடம் எத்தனையாவது என்று நான் எண்ணப் போவதில்லை.